கஸ்தூரியார் வீதியில் ஓர் ஆசிரியர்

யாழ்ப்பாணத்து நாளிதழான ‘உதயன்’ பத்திரிகையின் பிரதம ஆசிரியர் ம. வ. கானமயில்நாதன் 2021 நவம்பர் 22ஆம் திகதி காலமானார். அப்போது அவருக்கு 79 வயது. 1985இல் பத்திரிகை தொடங்கிய நாளிலிருந்து அந்த நாற்காலியில் இருந்தவர். அந்த வாரம் வந்த அஞ்சலிகளில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பெரும்பாலானவை ஒரே தடத்தில் போயின. இந்த ஆண்டில் கைக்குண்டு, அந்த ஆண்டில் துப்பாக்கிச் சூடு, இன்னோர் ஆண்டில் தீவைப்பு, பிறகு வெளிநாட்டு விருது. எல்லாமே நடந்தவை, ஒன்றையும் மறக்கக் கூடாது. ஆனால் படித்து முடித்தபோது மனம் நிறையவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த மனிதர் என்ன வேலை செய்தார் என்பது அவற்றில் இல்லை. தாக்கப்படுவது ஒருவருடைய தொழிலாகாது. அவருடைய தொழில் பத்திரிகை போடுவது. அதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

யாழ்ப்பாணத்தில் இந்தத் தொழிலுக்கு வயது அதிகம். அமெரிக்க மிஷன் 1841 ஜனவரி 7ஆம் திகதி வெளியிட்ட ‘உதயதாரகை’க்கு ஆசிரியர்களாக இருந்த ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் இருவரும் மிஷன் கல்வி பெற்ற தமிழர்கள்தான். 1889இல் சைவ பரிபாலன சபை ‘இந்து சாதன’த்தைத் தொடங்கியது. 1930இல் சுன்னாகத்தில் நா. பொன்னையா ‘ஈழகேசரி’யை நிறுவினார். இருந்தும் அன்றாடச் செய்திக்குக் குடாநாடு பெரும்பாலும் கொழும்பு ரயிலின் வரவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நிலையை மாற்றியது ‘ஈழநாடு’. கே. சி. தங்கராசாவும் அவருடைய சகோதரர் மருத்துவர் சண்முகரத்தினமும் 1959இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 1961இல் நாளிதழானது. ஆசிரியராக வந்தவர், தமிழ்நாட்டில் பிறந்து ‘வீரகேசரி’யில் பெயர் பெற்ற கே. பி. ஹரன். இங்கே பின்னாளில் ஆசிரியபீடங்களை நடத்தியவர்கள் பலர் அந்த அலுவலகத்தில் தொழில் பழகியவர்கள்.

அவர்களில் ஒருவர் எஸ். எம். கோபாலரத்தினம். ஊருக்கெல்லாம் ‘கோபு’. 1953இல் ‘வீரகேசரி’யில் அச்சுப்பிழை திருத்தும் ஒப்புநோக்குநராகச் சேர்ந்து, ‘ஈழநாடு’ ஆசிரியபீடத்தில் நீண்ட காலம் இருந்து, ‘ஈழமுரசு’க்குப் பிரதம ஆசிரியரானவர். 1981இல், பொது நூலகம் எரிந்த அதே நாட்களில் ‘ஈழநாடு’ அலுவலகமும் எரிக்கப்பட்டது. 1987 ஒக்டோபர் 10ஆம் திகதி இந்திய அமைதிப்படை ‘ஈழமுரசு’, ‘முரசொலி’ இரண்டின் அச்சுக்கூடங்களையும் வெடிவைத்துத் தகர்த்தது. கோபு கைதாகிச் சிறை வைக்கப்பட்டார். வெளியே வந்த பிறகு அந்தச் சிறைநாட்களை நூலாக எழுதினார். பிற்காலத்தில் மட்டக்களப்புக்குப் போய் ‘தினக்கதிர்’ நடத்தினார். 2017இல் காலமாகும்வரை அவரிடம் தொழில் கேட்டுப் போன இளையவர்களுக்குக் குறைவில்லை. அரசின் படையும் அயல்நாட்டுப் படையும் மாறி மாறி அழித்தும், அடுத்த ஆண்டு இன்னொரு வீதியில் இன்னொரு அச்சு இயந்திரம் ஓடியது. இதை வீரம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை. இந்த ஊருக்குப் பத்திரிகை ஏன் அவ்வளவு தேவைப்பட்டது என்று கேட்க வேண்டும்.

அதற்கான விடையை நான் சிறுவயதிலேயே கண்ணால் கண்டேன். 1990இல் போர் மீண்டும் மூண்ட பிறகு குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. பெற்றோல், பற்றரி, சீமெந்து என்று தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியல் நீண்டுகொண்டே போனது. வானொலிக்குப் போடப் பற்றரி கிடைக்காது. ஆனையிறவுப் பாதை அடைபட்டுக் கிடந்ததால் வெளியே போக வேண்டியவர்கள் இரவில் கிளாலிக் கடலில் படகேறினார்கள். அச்சுத்தாளும் வரவில்லை. அந்த ஆண்டுகளின் பத்திரிகைகளைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சில நாள் மஞ்சள் தாள், சில நாள் நீலத்தாள், சில நாள் பாடசாலை அப்பியாசக் கொப்பிக்கு வெட்டும் கோடு போட்ட தாள். கோட்டுக்கு மேலும் கீழுமாக எழுத்துகள் ஏறி இறங்கும். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக் கூட்டி வாசிப்போம்.

எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் பேப்பர் வாங்குவதில்லை. சனசமூக நிலையத்துக்கு வரும் ஒரு பிரதியைச் சுற்றி நின்று வாசிப்பார்கள். அப்பா வாசித்துவிட்டு வந்து, ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் அம்மாவுக்குச் செய்தி சொல்லுவார். அவர் சொன்ன முதல் செய்தி ஒருநாளும் தலைப்புச் செய்தியாக இருந்ததில்லை. கூட்டுறவுச் சங்கக்கடையில் எந்தப் பகுதிக்கு எப்போது சீனி, பருப்பு, மண்ணெண்ணெய் கொடுக்கிறார்கள் என்பதுதான் முதலில் வரும். கிளாலியில் நேற்றிரவு படகு ஓடியதா, பரீட்சை நடக்குமா தள்ளிப்போகுமா, எந்தப் பகுதியில் ஷெல் விழுந்தது, யார் யார் செத்தார்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. இவற்றை வாசித்துத்தான் அடுத்த நாள் என்ன செய்வது என்று ஒரு குடும்பம் தீர்மானித்தது. தண்ணீர் போல, மருந்து போல, பத்திரிகையும் அன்றாடம் வந்து சேர வேண்டிய பொருளாக இருந்தது.

வெளியூரிலிருந்து யாழ்ப்பாணத்துப் பத்திரிகையைப் பார்ப்பவர்கள் அதன் தலையங்கத்தை மட்டும் வாசித்து, அதை வைத்தே ஆசிரியரையும் எடைபோடுவார்கள். தலையங்கம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அவர்களுக்குப் பெரிய விஷயம். எங்களுக்கு மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் இரண்டு அங்குலத்தில் வரும் விநியோக அறிவித்தல் அதைவிடப் பெரிய விஷயம். அந்த இரண்டு அங்குலத்தை எந்த இரவிலும் தவறவிடாமல் போட்ட ஆசிரியருக்கு எங்கள் அம்மாக்கள் கடன்பட்டிருக்கிறார்கள்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, இராணுவம் முன்னேறிவர, யாழ் நகரை உள்ளடக்கிய வலிகாமமே எழுந்து நடந்தது. மழையில், இருட்டில், நாவற்குழிப் பாலத்தில் தலைக்கு மேல் தலையாகச் சனம். அந்த இடப்பெயர்வில் ‘உதயன்’ பத்திரிகையும் சனத்தோடு குடாநாட்டின் கிழக்கே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து, அங்கிருந்து வெளிவந்தது. சமையல் பாத்திரத்தைக்கூடத் தூக்கிக்கொண்டு போக முடியாத நேரத்தில் அச்சு இயந்திரத்தைக் கொண்டுபோக வேண்டும் என்று ஒருவர் நினைத்திருக்கிறார் என்றால், வாசகன் இனி எங்கே இருப்பான், அவனுக்கு என்ன தெரிய வேண்டியிருக்கும் என்று அவர் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். யார் எந்தப் பாடசாலையில் தங்கியிருக்கிறார்கள் என்று ஒருவரையொருவர் தேடி அலைந்துகொண்டிருந்த சனத்துக்கு, அந்த மாதங்களில் ஒரு பத்திரிகைத் துண்டு எவ்வளவு பெறுமதி என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பின்னாளில் யாழ்ப்பாணத்துப் பத்திரிகையொன்றில் சில காலம் ஒப்புநோக்குநராக வேலை செய்தேன். பத்திரிகையின் பெயர் இங்கே முக்கியமில்லை. ஊரடங்குக்கு முன் வீடு போய்ச்சேர வேண்டும் என்பதால் மத்தியானம் தொடங்கி மாலைவரை இருப்பேன். எனக்குக் கொடுத்த வேலை மரண அறிவித்தல் பக்கம். வேலைக்குப் புதியவளான எனக்கு அந்தப் பக்கத்தைக் கொடுத்தது ஏன் என்று முதலில் விளங்கவில்லை. தலையங்கத்தில் ஒற்றுப்பிழை வந்தால் தமிழாசிரியர் ஒருவர் கடிதம் எழுதுவார், அவ்வளவுதான். மரண அறிவித்தலில் பிழை வந்தால் ஒரு வம்சமே வாசலுக்கு வரும்.

‘பிறப்பிடமாகவும்’, ‘வசிப்பிடமாகவும்’ என்று தொடங்கும் அந்த அறிவித்தலின் அமைப்பு இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். அதில் ஆபத்து ‘காலஞ்சென்ற’ என்ற இடத்தில் இருக்கிறது. இறந்தவரின் பெற்றோர் இருவரும் இல்லையென்றால் ‘காலஞ்சென்றவர்களான’ என்று வர வேண்டும். தந்தை மட்டும் இல்லையென்றால் ‘காலஞ்சென்ற’ என்பது தந்தையின் பெயரோடு நின்றுவிட வேண்டும், அடுத்து வரும் தாயின் பெயரில் ஒட்டிவிடக் கூடாது. ஒரு காற்புள்ளி இடம் மாறினால், மகனைப் பறிகொடுத்து முற்றத்தில் குந்தியிருக்கும் கிழவியை நாமே சாகடித்துவிடுவோம். அதற்குப் பிறகு பிள்ளைகளின் வரிசை, அடைப்புக்குறிக்குள் கனடா, லண்டன், சுவிஸ். மருமக்கள் வரிசை பிள்ளைகள் வரிசையோடு பொருந்த வேண்டும். யாருடைய பெயர் விடுபட்டது என்பதை வைத்து இருபது வருடம் பேசாமல் இருக்கிற குடும்பங்கள் இங்கே உண்டு.

அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் வயதானவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தாளை மூக்குக்குக் கிட்டப் பிடித்து வாசிப்பார். என்னை வேலையில் வைத்த முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்: “பிள்ளை, நான் எழுதும் தலையங்கத்தில் யார் வேண்டுமானாலும் கைவைக்கலாம். இந்தப் பக்கத்தை நான் பார்க்காமல் அச்சுக்கு அனுப்ப வேண்டாம்.” சொன்னபடியே ஒவ்வொரு நாளும் கடைசியாக அந்தப் பக்கத்தைப் பார்த்தார். சந்தேகம் வந்தால் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, முதலில் துக்கம் விசாரித்து, பிறகு மெதுவாக, “அம்மா இருக்கிறாவோ?” என்று கேட்பார்.

இன்னொரு மாலை நிருபர் ஒருவர், முதல் நாளிரவு வீட்டிலிருந்து ஓர் இளைஞன் கொண்டுசெல்லப்பட்ட செய்தியைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். தாயின் வாக்குமூலம், வந்த வாகனத்தின் நிறம், ஒழுங்கையின் பெயர், எதிர்வீட்டுக்காரர் யன்னல் வழியாகப் பார்த்தது என்று எல்லாம் இருந்தது. நல்ல செய்தி எழுத்து. ஆசிரியர் எதிர்வீட்டுக்காரரை முதலில் வெட்டினார். பிறகு ஒழுங்கையை வெட்டினார். நிருபருக்கு முகம் சுருங்கிவிட்டது. “ஐயா, இதையெல்லாம் எடுத்தால் செய்தியில் என்ன மிஞ்சும்?” என்றார். “தாய் சொன்னது மிஞ்சும், தம்பி. பெடியன் உயிரோடு இருந்தால் அது அவனுக்கு உதவும். எதிர்வீட்டுக்காரன் பார்த்தது அவனுக்கும் உதவாது, எதிர்வீட்டுக்காரனையும் கொண்டுபோய்விடும்” என்றார் ஆசிரியர். வாகனத்தின் நிறத்தை விட்டுவைத்தார். அதையும் வெட்டப்போய் ஒரு நிமிடம் பேனாவை நிறுத்திவைத்து யோசித்ததை நான் எதிரில் இருந்து பார்த்தேன். ஒன்றுமே சொல்லாமல் விட்டால் கொண்டுபோனவர்களுக்குத் துணிச்சல் கூடிவிடும். எல்லாவற்றையும் சொன்னால் இன்னொரு வீடு அழியும். இரண்டுக்கும் நடுவில் எத்தனை சொற்களை விடுவது என்பதை அச்சுக்கு முன்னால் ஒவ்வொரு நாளும் தனியாகத் தீர்மானிக்க வேண்டிய ஆள் அவர். யாழ்ப்பாணத்தில் ஆசிரியர் வேலை என்று நான் விளங்கிக்கொண்டது இதைத்தான். அச்சில் வந்ததை வைத்து அவர்களை அளக்கிறோம். அவர்கள் வெட்டிய வரிகளால் உயிர் தப்பியவர்கள் எங்கள் சந்தைகளில், பஸ்களில் நடமாடுகிறார்கள்.

கானமயில்நாதன் இந்த வேலையை எந்த நிலையில் செய்தார் என்பதை இனிச் சொன்னால்தான் பொருந்தும். 2006 மே 2ஆம் திகதி மாலை ஆயுததாரிகள் ‘உதயன்’ அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டார்கள். ஊழியர்களான சுரேஷ்குமாரும் ரஞ்சித்குமாரும் கொல்லப்பட்டார்கள். அடுத்த நாள் உலக பத்திரிகைச் சுதந்திர தினம். அந்த ஆண்டு யுனெஸ்கோ அதன் உலக நிகழ்வைக் கொழும்பில் நடத்திக்கொண்டிருந்தது. தலைநகரில் விருந்தினர்கள் பத்திரிகைச் சுதந்திரம் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, ‘உதயன்’ அலுவலகம் இருந்த கஸ்தூரியார் வீதியில் இரத்தம் கழுவினார்கள். பத்திரிகை நிற்கவில்லை. சுவரில் துளைத்த குண்டுகளின் தடத்தை அவர்கள் பூசி மறைக்கவில்லை. கொல்லப்பட்டவர்களின் படங்களும் அலுவலகத்திலேயே தொங்கின.

அதற்குப் பிறகு ஆசிரியர் அலுவலகத்திலேயே குடியிருந்தார், பல ஆண்டுகள். அங்கேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை. வெளியே கால் வைத்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை. அந்த ஓகஸ்டில் முகமாலைச் சோதனைச்சாவடி அடைபட்டு, குடாநாட்டை வெளியோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டது. அச்சுத்தாள் வருவது நின்று பக்கங்கள் குறைந்தன. ஓகஸ்ட் நடுவில் பத்திரிகையின் வாகனச் சாரதி கொல்லப்பட்டார். 2007 ஏப்ரலில் செல்வராஜா ரஜீவர்மன் என்ற இளம் நிருபர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரும் கஸ்தூரியார் வீதி அலுவலகத்துப் பிள்ளை. தன்னிடம் தொழில் பழக வந்த பிள்ளையின் மரணச் செய்தியை அந்த ஆசிரியபீடமே எழுதித் திருத்தி அச்சுக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்தில் ஒரு மனிதன் கல்யாணவீட்டுக்குப் போகாமல் இருக்கலாம், மன்னிப்பார்கள். செத்தவீட்டுக்குப் போகாவிட்டால் அது ஆயுளுக்கும் நிற்கும். கதிரையில் சும்மா குந்தியிருந்துவிட்டு வந்தாலும் போதும், போயிருக்க வேண்டும். ஊரின் மரணமெல்லாம் முதல் நாளே ஆசிரியரின் மேசைக்கு வந்துவிடும். யார், எந்த ஊர், எத்தனை மணிக்குக் கிரியை, எந்த மயானம் என்று எல்லாமே அவருக்குத் தெரியும். அவற்றில் தெரிந்தவர்கள், கூடப் படித்தவர்கள், உறவினர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அறிவித்தலைத் திருத்தி அனுப்பிவிட்டு, தான் மட்டும் போகாமல் இருந்திருக்கிறார். நல்லூர் அங்கிருந்து நடக்கும் தூரம். இருபத்தைந்து நாள் திருவிழாவும் ஆண்டுக்காண்டு வந்து போனது. எந்தக் குண்டையும்விட இது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது. வெளிநாட்டு அறிக்கை எதிலும் இது ஏறாது, அந்தக் கணக்கு இந்த ஊர்க்காரருக்குத்தான் விளங்கும்.

போர் முடிந்த பிறகும் நிம்மதி வரவில்லை. 2011 ஜூலையில் செய்தி ஆசிரியர் ஞானசுந்தரம் குகநாதன் இரும்புக் கம்பிகளால் அடித்து வீழ்த்தப்பட்டார். 2013 ஏப்ரல் 13ஆம் திகதி விடியுமுன், சித்திரை வருடப் பிறப்புக்கு முதல் நாள், அச்சு இயந்திரத்துக்குத் தீ வைத்தார்கள். அந்த ஆண்டு எல்லைகளற்ற ஊடகவியலாளர் அமைப்பு ‘உதயன்’ பத்திரிகைக்குத் தன் விருதை வழங்கியது. இந்தத் தாக்குதல்களுக்காக யாரும் தண்டிக்கப்பட்டதை நாங்கள் காணவில்லை.

அவரைத் தெய்வமாக்குவதும் எனக்கு உடன்பாடில்லை. 1990 முதல் 1995 வரை யாழ்ப்பாணம் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அந்த ஆண்டுகளில் இங்கே வந்த எந்தப் பத்திரிகையிலும் அவர்களைக் கண்டித்து ஒரு வரி எழுத முடியாது, எழுதவுமில்லை. சொந்த ஊரில் சொந்தப் பிள்ளைகள் காணாமல் போனபோதும் பத்திரிகைகள் வாய் திறக்காத நாட்கள் இருந்தன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் ஒட்டுமொத்தமாக விரட்டப்பட்டபோது, அவர்களோடு ஒரே சந்தையில் வியாபாரம் செய்த எங்கள் பத்திரிகைகள் சொல்லியிருக்க வேண்டியது எவ்வளவோ. அந்த மௌனத்தின் பங்கு ஆசிரியர்கள் எல்லோர் மீதும் இருக்கிறது. ‘உதயன்’ உரிமையாளர் ஈ. சரவணபவன் 2010இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். கட்சியும் செய்தியும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் வாசகனுக்குச் சந்தேகம் வருவது நியாயம்தான். இதையெல்லாம் மறைத்துவிட்டு எழுதப்படும் வாழ்க்கை வரலாறு அவருக்கு மரியாதை ஆகாது. துப்பாக்கி எந்தப் பக்கத்திலிருந்து நீண்டாலும் அதற்கு நடுவில் இருந்து நாளைய இதழை முடிக்க வேண்டியவரை, அந்த நெருக்கடியோடு சேர்த்து எழுதினால்தான் அந்த ஆள் கண்ணுக்குத் தெரிவார்.

அந்த வரலாற்றை எழுதப்போகிறவருக்குத் தேவையான சான்று பழைய இதழ்கள்தான். ஹரன் காலத்து ‘ஈழநாடு’ இதழ்கள் 1981 தீயிலும் பிறகு நடந்தவற்றிலும் எவ்வளவோ போய்விட்டன. ‘ஈழமுரசு’, ‘முரசொலி’ அச்சுக்கூடங்களோடு கட்டுக்கட்டாகப் போயின. எஞ்சியவற்றை நூலக நிறுவனம் தேடித் தேடி மின்வருடி, யாரும் வாசிக்கும்படி இணையத்தில் வைத்துக்கொண்டிருக்கிறது. இரவில் அந்தப் பக்கங்களைத் திறந்து சங்கக்கடை அறிவித்தல்களை வாசிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. எண்பதுகளின் இதழ்கள் ஓரளவு கிடைக்கின்றன. தென்மராட்சியில் அச்சான நாட்களின் இதழ்களும், தொண்ணூறுகளின் முதல் ஐந்து ஆண்டுகளின் நிறத்தாள் இதழ்களும் இன்னும் எத்தனையோ வீடுகளில், பரணில், தகரப் பெட்டியில், சாமிப்படத்துக்குப் பின்னால் கிடக்கின்றன. குடும்பத்தில் ஒருவருடைய மரண அறிவித்தல் வந்த நாள் என்பதற்காகப் பத்திரமாக மடித்து வைத்திருப்பீர்கள். அந்த ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மிச்சத்தை எறிந்துவிட வேண்டாம். கறையான் தின்ற ஓரமாக இருந்தாலும் பரவாயில்லை, முழுத்தாளையும் மின்வருடக் கொடுங்கள். பிறகு உங்கள் தாளை நீங்களே திருப்பி வாங்கிக்கொள்ளலாம்.